இந்த சோபாவை எப்போதுதான் மாற்றுவோம்?

நேற்று இரவும் அதே சண்டை. சோபாவை மாற்றலாம் என்று வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். "நல்லாத்தானே இருக்கு?" என்றார் அப்பா. எது நன்றாக இருக்கிறது? நடுவில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் தொடையில் குத்துகிறது. மெத்தையைத் தூக்கினால் மஞ்சள் மஞ்சளாகப் பொடி கொட்டுகிறது. உள்ளே இருக்கும் ஃபோம் காற்றும் ஈரமும் பட்டு உதிர்ந்துகொண்டிருக்கிறது. உதிர்ந்த ஃபோம் புது உறை போட்டால் எழும்பிவிடுமா? மூன்று முறை உறை மாற்றிவிட்டோம். மூன்று முறை!

கார்ப்பெட் அதைவிட மோசம். தம்பி அதில் கால் வைத்தாலே தும்முகிறான். தூசிப்பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, நாம் உதிர்க்கும் தோல் துகளைத் தின்றே வாழும். வாக்குவம் கிளீனர் மேல்தூசியை எடுக்கும், அடி இழையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பூச்சியை எடுக்குமா? சொன்னால், "ராசியான கார்ப்பெட், எடுக்கக் கூடாது" என்கிறார் அம்மா. பிள்ளை தும்முவது கேட்கவில்லையா அம்மா?

சரி, மாற்றலாம் என்று அத்தி பூத்தாற்போல் ஒருநாள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் நிறத்தில் முட்டிக்கொள்கிறார்கள். அக்காவுக்கு வெளிர் நிறம்தான் வேண்டும். அம்மாவுக்கு அழுக்கு தெரியாத நிறம். அப்பாவோ, "இப்ப வர்றதெல்லாம் மரத்தூள் பலகை, தண்ணி பட்டா ஊதிடும்" என்கிறார். அது உண்மைதான், ஊதினால் பழையபடி ஆகாது. அதற்காகக் குத்துகிற ஸ்பிரிங்கிலேயே காலம் தள்ள வேண்டுமா? நல்ல மரத்தில் வாங்கலாமே என்றால், "அடுத்த வருஷம் பார்க்கலாம்."

எத்தனை அடுத்த வருஷம்? இன்று காலை அந்த ஸ்பிரிங் என் புது பேன்ட்டையும் கிழித்துவிட்டது.