நான் கேட்ட சைஸில் டயர் கொடுங்கள், போதும்

பழைய பைக்கின் பின் டயரை மாற்றப் போனால் ஏன் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது? நான் கேட்டது 3.00-18, அதாவது மூன்று அங்குல அகலம், 18 அங்குல ரிம். கழற்றிய டயரின் பக்கவாட்டிலேயே அது இருக்கிறது. கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த சைஸெல்லாம் இப்ப யார் சார் போடுறாங்க, 110/80 போட்டுக்கோங்க, வண்டி கெத்தா இருக்கும்."

கெத்து யார் கேட்டது? என் ரிம்மின் அகலம் 1.85 அங்குலம். அதில் 110 மில்லிமீட்டர் அகல டயரைத் திணித்தால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பி நிற்கும், நேராக ஓடும்போது தரையைத் தொடும் ரப்பர் குறையும், வளைவில் வண்டி சாய்கிற விதமே மாறிவிடும், செயின் கவரில் உரச ஆரம்பித்தால் அது தனித் தலைவலி. இதில் கிரிப் எங்கிருந்து கூடும்? சரி, மில்லிமீட்டர் கணக்கில் 90/90-18 இருக்கிறதா, அது பொருந்தும் என்றேன். அரை மணி நேரம் தேடி உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். பக்கவாட்டில் நான்கு இலக்கம்: 1419. அதாவது 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. கேட்டால், "ஓடவே இல்லையே சார், புதுசுதானே!" ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிப்போகும் என்பது டயர் விற்கிறவருக்குத் தெரியாதா? டயரின் மேல் பட்டன் தேயாமல் முழுசாக இருக்கலாம், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கப்போவது நான்தானே. அதற்கு மேல், டியூப்லெஸ் டயர், டியூபே வேண்டாம் என்கிறார். ஸ்போக் ரிம்மில்! ஒவ்வொரு ஸ்போக் துளை வழியாகவும் காற்று போய்விடும் என்று நான் அவருக்குப் பாடம் நடத்த வேண்டியிருந்தது.

வேறு கடையில் சரியான டயர், புது டியூப் எல்லாம் வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். சக்கரம் கழற்றித்தானே இருக்கிறது, கப்ளிங் ரப்பரையும் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள் என்றேன். சக்கரத்தின் நடுவில், ஹப்பில், உதையைத் தாங்கும் அந்த ரப்பர் நசுங்கிவிட்டால் ஆக்சிலரேட்டர் முறுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த உதை நேராகச் செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் போகும். "அதெல்லாம் ஓடும் சார், பழைய வண்டிக்கு இவ்வளவு பார்க்கணுமா?" பழைய வண்டிக்குத்தான் ஐயா பார்க்க வேண்டும்! போன தடவை இப்படித்தான், செயினை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லித் தேய்ந்த பல் சக்கரத்திலேயே மாட்டிவிட்டார்கள், கூர்மையான அந்தப் பற்கள் புதுச் செயினையும் சீக்கிரமே தின்று தீர்த்தன.

வீட்டுக்கு வந்து டயரைத் துடைக்கும்போது பார்க்கிறேன், சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி பின்னோக்கி இருக்கிறது. தலைகீழாக மாட்டியிருக்கிறார். நாளைக் காலையில் மறுபடி சக்கரத்தைக் கழற்ற வேண்டும், இந்தத் தடவை நானே கழற்றப் போகிறேன்.