விசாப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு மாலை வேளைகளில் வருபவர்கள், நான் ஆங்கிலம் படிப்பித்த காலத்தில் இலக்கணத்தில் சந்தேகம் கேட்டார்கள். ஓய்வுபெற்றுப் பதினோராவது ஆண்டாகிய இன்று விசாப் படிவத்தைக் கொண்டுவருகிறார்கள். ரொறன்ரோவில் மகளுக்குப் பிள்ளைப்பேறு, லண்டனில் தம்பி மகனுக்குத் திருமணம், பாரிஸில் பெரியப்பாவின் அந்தியேட்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கேள்விகள் மட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கு நான் வழமையாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் விசா மறுக்கப்படுபவர்களில் பலர் தகுதியற்றவர்கள் அல்லர், இரவல் பணத்தையும் இரவல் பதில்களையும் சேர்த்து, உள்ள தகுதியைத் தாங்களே மறைத்துக்கொள்பவர்கள்.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். தம்பியைப் பார்க்க முதன்முறை லண்டனுக்கு விண்ணப்பித்தபோது, நகரிலுள்ள ஒரு முகவர் நிலையத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். என் ஓய்வூதியம் போதாது என்று சொல்லி, எங்கிருந்தோ பதினைந்து இலட்சம் ரூபாவைப் புரட்டி இரண்டு வாரங்களுக்கு என் கணக்கில் போடச்செய்தார்கள். மறுப்புக் கடிதத்தில் காரணம் தெளிவாக இருந்தது: மாதந்தோறும் ஓய்வூதியம் மட்டுமே வரும் கணக்கில் திடீரென்று சேர்ந்த இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. முப்பது வருடங்களுக்கு மேல் பிள்ளைகளின் விடைத்தாள்களில் பார்த்தெழுதியதைப் பிடித்தவன், என்னுடைய தாளிலேயே பிடிபட்டேன். ஒரு வருடம் கழித்து ஓய்வூதியத்தையும், என்னுடைய சிறிய நிலையான வைப்பையும், வீட்டு உறுதியையும், தம்பியின் சம்பளச் சான்றுகளையும் உள்ளபடியே வைத்து, நானே படிவத்தை நிரப்பி அனுப்பினேன். விசா கிடைத்தது.

ஆகவே "வங்கியில் எவ்வளவு காசு காட்டவேண்டும் சேர்?" என்ற கேள்விக்கு நான் ஒரு தொகையைச் சொல்வதில்லை. அதிகாரி பார்ப்பது மீதியை மட்டுமல்ல, கணக்கின் ஓட்டத்தையும்தான். மாதம் எண்பதாயிரம் ரூபா வருமானம் உள்ளவரின் கணக்கில் ஆறு மாதங்களாகச் சம்பளம் வந்து, மின்கட்டணமும் கடன் தவணையும் போய், கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சியிருந்தால், அதில் ஒரு குடும்பம் தெரியும். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் விழுந்த பெருந்தொகையில் கடன் கொடுத்தவர்தான் தெரிவார். காணி விற்றோ, சீட்டு எடுத்தோ, நகையை ஈடுவைத்தோ உண்மையிலேயே பணம் வந்திருந்தால் அஞ்சத் தேவையில்லை. அந்த உறுதியையோ பற்றுச்சீட்டையோ இணைத்து ஒரு பந்தியில் விளக்கிவிடுங்கள். சாம்பல்தீவில் கடற்றொழில் செய்யும் ஒருவர், தமக்கு வங்கியில் பெரிதாக வரவே இல்லையே என்று கவலைப்பட்டார். படகுப் பதிவு, கடற்றொழில் சங்கக் கடிதம், மீன் வாங்கும் முதலாளி எழுதிவைத்த கொப்பி, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் ஆகியவற்றைக்கொண்டும் வருமானத்தைக் காட்டலாம் என்று அவருக்குச் சொன்னேன். கொப்பியின் பக்கங்களை மொழிபெயர்ப்பிக்க ஒரு முழுநாள் போனது உண்மைதான்.

நம்மவர்களுக்கு மிகவும் சிக்கல் தருவது பெயர். தகப்பன் பெயரை முன்னாலும் தன் பெயரைப் பின்னாலும் எழுதும் நம் வழக்கத்தில், குடும்பப் பெயர் என்று தலைமுறைகளுக்குத் தொடரும் ஒன்று கிடையாது. சித்தப்பாவின் கடவுச்சீட்டில் பாட்டனாரின் பெயர் குடும்பப் பெயராக இருக்கும். அவர் அழைக்கும் பெறாமகனின் கடவுச்சீட்டில் தகப்பனின் பெயர் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு இவர்கள் எந்த வகையில் உறவு என்பது விளங்காது. இதற்கு மூன்று பிறப்புச் சான்றிதழ்கள் வேண்டும்: பெறாமகனுடையது, அவருடைய தகப்பனுடையது, சித்தப்பாவினுடையது. முதலாவதில் தகப்பன் யார் என்பதும், மற்ற இரண்டிலும் பெற்றோர் ஒருவரே என்பதும் தெரிந்துவிட்டால் உறவு நிறுவப்பட்டுவிடும். திருமணமான பெண்களுக்கு விவாகப் பதிவுச் சான்றிதழும் சேரவேண்டும்.

எழுத்துக்கூட்டலும் இதைப் போன்றதே. தமிழில் பதிந்த பிறப்புச் சான்றிதழை ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது சிவலிங்கத்துக்கு ஒரு 'எச்' சேர்ப்பார், இன்னொருவர் சேர்க்கமாட்டார். கடவுச்சீட்டில் மூன்றாவது வகை இருக்கும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொண்டுபோய், பெயர்களை அதில் உள்ளபடியே எழுதும்படி முதலிலேயே கேளுங்கள். முன்பே வேறுபட்டுப் பதிவாகிவிட்டால், இரண்டு பெயர்களும் ஒருவருடையவை என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து இணைப்பது நல்லது. பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டை எண் வங்கியிலும், புதிய பன்னிரண்டு இலக்க எண் கடவுச்சீட்டிலும் இருப்பவர்கள் அதையும் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடலாம்.

பயணத்தின் காரணத்தை மறைக்கச் சொல்லும் ஆலோசனைதான் எனக்குக் கோபத்தை வரவழைப்பது. பாலையூற்றிலிருந்து வந்த ஓர் அம்மாவின் படிவத்தில் 'சுற்றுலா, நயாகரா நீர்வீழ்ச்சி' என்று இருந்தது. "மகளின் பிள்ளைப்பேற்றைப் போடவேண்டாம், வேலைக்குப் போகிறேன் என்று நினைப்பார்கள் என்று சொன்னார்கள் சேர்" என்றார். அறுபத்திரண்டு வயதில், ஆங்கிலம் பேசத் தெரியாமல், தனியாகப் பனிக்காலத்தில் நீர்வீழ்ச்சி பார்க்கப் போகும் தாயை யார் நம்புவார்கள்? மகளோடு சில வாரங்கள் இருக்கப் போவது முறையான காரணம். மகளின் வதிவிட உரிமைப் பிரதியையும் வைத்தியசாலைக் கடிதத்தையும் வைத்து, திரும்பிவருவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்பதை எழுதினோம்: கணவர், அவருடைய மருந்து, வீடு, பள்ளிக்கூடம் போகும் இளைய மகன். கனடாவில் பொய்யான விபரம் தருவதற்குத் தண்டனை ஐந்து வருடத் தடை. பிரித்தானியாவில் ஏமாற்றி விண்ணப்பித்ததாக முடிவானால் பத்து வருடங்கள் வரை தடை விழலாம். படிவத்தை எழுதிக்கொடுத்தவருக்கு இதில் ஒன்றும் ஆகாது, கையெழுத்து உங்களுடையது.

"அங்கிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும்தானே?" என்பார்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். பிரான்ஸில் அழைப்பவர், அங்குள்ள நம்மவர்கள் 'மேரி' என்று சொல்லும் நகரசபைக்குச் சென்று, விருந்தினரைத் தம் வீட்டில் வைத்திருப்பதற்கான சான்றைப் பெறவேண்டும். ஜேர்மனியில் அழைப்பவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் செலவுப் பொறுப்பை ஏற்று ஒப்பமிடுவது வழக்கம். சுவிஸில் உத்தரவாதம் கேட்கப்பட்டால் அதன் தொகை 30,000 பிராங். பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் சாதாரண அழைப்புக் கடிதம் எழுதலாம். ஆயினும் அதனோடு அழைப்பவரின் வருமானமும் வதிவிட நிலையும் இணைக்கப்படாவிட்டால் அது வெறும் அன்புக் கடிதமாகவே இருக்கும். செலவை உறவினர் ஏற்றாலும், நீங்கள் திரும்பிவருவீர்கள் என்பதை அவரால் காட்ட முடியாது. அது இங்குள்ள ஆவணங்களின் வேலை.

பணமும் நாளும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே விசாவில் போய்வரக்கூடிய, ஐரோப்பாவின் 29 ஷெங்கன் நாடுகளுக்குமான குறுங்கால விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 45 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பி வராது, விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னர் தொடங்கி, பிந்தினால் பதினைந்து நாட்களுக்கு முன்னராவது விண்ணப்பிக்கவேண்டும். முடிவு வழமையாகப் பதினைந்து நாட்களில் வரும், தேவைப்பட்டால் நாற்பத்தைந்து நாட்கள் வரை நீளும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். கடவுச்சீட்டு, நீங்கள் அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின்னரும் மூன்று மாதங்கள் செல்லுபடியாகவேண்டும். பல நாடுகளுக்குப் போவதாயின் அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்கவேண்டும். எந்தத் தூதரகத்தில் இலகுவாகக் கிடைக்கும் என்று கேட்டு, சுவிஸ் அக்காவைப் பார்க்கப் போகிறவர் வேறொரு நாட்டில் விண்ணப்பிப்பது தம் விண்ணப்பத்தைத் தாமே பழுதாக்குவதாகும்.

விமானச் சீட்டை முன்கூட்டி வாங்கவேண்டுமா? என் பதில் வேண்டாம் என்பதே. பயணத்திட்டத்துக்கு முன்பதிவு போதும். பணம் கட்டிய சீட்டு அதிகாரியின் முடிவை மாற்றாது. கைவிரல் அடையாளம் கொடுக்க எங்களில் பெரும்பாலோர் கொழும்புக்கே போகவேண்டியிருக்கிறது. இரவு ரயிலில் நித்திரையில்லாமல் போய், காலை ஒன்பது மணிக்கு விண்ணப்ப நிலையத்தில் நிற்பதற்குப் பதிலாக, முதல்நாளே போய் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. திரும்பவும் ஒருமுறை ஷெங்கன் விசாவுக்குப் போவோர் கவனிக்கவேண்டியது: ஒருமுறை கொடுத்த விரல் அடையாளத்தை ஏறத்தாழ ஐந்து வருடங்கள், சரியாகச் சொன்னால் 59 மாதங்கள், மீண்டும் பயன்படுத்துவார்கள். கனடாவில் அது பத்து வருடங்கள்.

"ஒருமுறை மறுத்ததை அடுத்த நாட்டுக்குச் சொல்லவேண்டுமா?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். படிவம் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும். அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் குடிவரவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கோ பொதுத் தரவுத்தளமே இருக்கிறது. முன்னைய மறுப்பு மட்டும் ஒருவரை அழித்துவிடாது, மறைத்தது தெரியவந்தால்தான் ஆபத்து. ஷெங்கன் மறுப்பில் காரணம் குறித்த படிவம் தருவார்கள், அதன்மேல் மேன்முறையீடு செய்ய உரிமையும் உண்டு. பிரித்தானியாவின் சாதாரண வருகை விசாவில் அப்படியான மேன்முறையீடு இல்லாததால், குறையைத் திருத்திப் புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலோருக்குச் சாத்தியமான வழி. அமெரிக்காவில் 214(பி) என்ற பிரிவைச் சொல்லி மறுப்பார்கள்: வருபவர் அங்கேயே குடியேற வருகிறார் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது, இல்லை என்று காட்டவேண்டியது விண்ணப்பதாரரின் பொறுப்பு. சில நிமிடங்களே நீளும் அந்த நேர்முகத்தில், கட்டுக்கட்டாகக் கடதாசியை நீட்டுவதைவிட, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது பயன்தரும். மனனம் செய்த பதில் முதல் குறுக்குக் கேள்வியிலேயே உடைந்துவிடும் என்பதை எந்த ஆசிரியரும் அறிவார்.

எனினும் எல்லாப் பழியையும் விண்ணப்பதாரர்மேல் போடுவது நியாயமில்லை. 90 யூரோ நம் காசில் 30,000 ரூபாவைத் தாண்டுகிறது. மூதூரிலோ தம்பலகாமத்திலோ கூலி வேலை செய்பவருக்கு அது எத்தனை நாள் உழைப்பு? நேர்மையாக எழுதியவருக்கும் மறுப்பு வரத்தான் செய்கிறது, சில நாடுகளின் மறுப்புக் கடிதம் யாருக்கும் பொருந்தக்கூடிய நாலு வரியாக இருக்கிறது. அதற்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் அந்த இடத்தில்தான் "உள்ளே எங்களுக்கு ஆள் இருக்கிறது" என்று சொல்பவர் நுழைகிறார். விண்ணப்ப நிலையத்தில் கடதாசி வாங்குபவர்கள் முடிவெடுப்பதில்லை. முடிவு அந்தந்த நாட்டு அதிகாரிகளுடையது. அப்படியிருக்க, வாங்கித்தருவதாகச் சொல்பவர் எதை விற்கிறார்?

வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வருகை விசாவில் போய், அங்கே போனபின் வேலை விசாவாக மாற்றித்தருவோம் என்று யாராவது சொன்னால், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தம்பி, உம்மாவின் நகையை விற்றுக் கட்டிய பணத்துக்குப் பற்றுச்சீட்டுக்கூட வாங்கியிருக்கவில்லை.

விசா ஒட்டிய கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் முதலில் அதிலுள்ள திகதிகளைப் படியுங்கள். விசா செல்லுபடியாகும் காலம் வேறு, தங்க அனுமதித்த நாட்கள் வேறு. ஷெங்கனில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது; ஆறு மாத விசா என்று நினைத்து ஆறு மாதம் இருந்தால் அடுத்த விண்ணப்பம் கெட்டுவிடும். விமானம் மாறுவதிலும் கவனம் வேண்டும்: இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள், விமான நிலையத்தை விட்டு வெளியேறாமல் ஷெங்கன் நாடொன்றில் விமானம் மாறுவதற்கும் இடைத்தங்கல் விசா எடுக்கவேண்டிய பட்டியலில் இருக்கிறோம். செல்லுபடியான கனடா, அமெரிக்க விசா போன்றவை உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. மற்றவர்கள் மலிவான சீட்டைப் பார்த்தவுடன் வாங்காமல், விமானம் எங்கே மாறுகிறது என்பதைப் பாருங்கள். இறங்கும் விமான நிலையத்திலும் உங்களைக் கேள்வி கேட்கலாம் என்பதால், அழைப்புக் கடிதம், காப்புறுதி, திரும்பும் சீட்டு மூன்றையும் சூட்கேசில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

பாலையூற்று அம்மா ஏழு வாரங்கள் இருந்துவிட்டு, சொன்ன திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டார். பேத்தியின் படத்தைக் காட்ட வந்தபோது, முடிவுத் திகதி கிட்டிவிட்ட பழைய கடவுச்சீட்டை என்ன செய்வது என்று கேட்டார். புதியது எடுத்தாலும் பழையதை எறியவேண்டாம், போனதற்கும் வந்ததற்குமான முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன, அடுத்த விண்ணப்பத்தில் அதுவும் தேவைப்படும் என்று சொல்லியனுப்பினேன்.