கிரேடு 2 என்றால் பயப்பட வேண்டுமா?
ஈரல் கொழுப்பு பற்றி அண்மையில் ஒரு கட்டுரை படித்தேன். குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு படியும் என்று அது சொல்வது முற்றிலும் உண்மை. என் அப்பா மதுவைத் தொட்டதே இல்லை. நெடுநாள் சர்க்கரை நோயும் தொப்பையும் போதுமானதாக இருந்தன. ஸ்கேன் அறிக்கையில் 'கிரேடு 2' என்றதும் உறவினர்கள் கீழாநெல்லியும் கையுமாக வந்துவிட்டார்கள். அந்த கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறது. ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதே முக்கியம். அதற்கு வயது, ரத்தத்தில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரு நொதிகளின் அளவு, பிளேட்லெட் (ரத்தத் தட்டுகள்) எண்ணிக்கை நான்கையும் வைத்து ஃபிப்-4 என்ற மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறார்கள். வயதும் இதில் சேர்வதால், பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்லும் எல்லைக்கோடு 65-ஐத் தாண்டியவர்களுக்கு 1.3 அல்ல, 2. கட்டுரை இதை விட்டுவிட்டது.

எடையைக் குறைக்கிறோம் என்று முதியவர்களைப் பட்டினி போடாதீர்கள். கொழுப்போடு தசையும் கரையும். அப்பாவின் இரவுத் தட்டில் ஓர் இட்லி குறைந்தது, சுண்டலும் முட்டையும் சேர்ந்தன. மாலை டீயில் சர்க்கரையை நிறுத்துவதுதான் இன்னும் பெரும்பாடு!