எந்த ஊருக்குப் போகச் சொல்கிறீர்கள்?

ஆடி ஒண்ணு அன்றைக்கு எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டி, வழக்கப்படி தேங்காய் சுட்டேன்; பாதியிலேயே தண்ணி ஊற்றி அணைத்துவிட்டார்கள். அந்த வீடியோவுக்குக் கீழே வந்ததையெல்லாம் உட்கார்ந்து படித்துவிட்டேன். என்னை அபார்ட்மெண்ட் குரூப்பிலிருந்து தூக்கிய பிறகு அங்கே என்ன பேசினார்கள் என்பதையும் நல்ல மனசுக்காரர்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்பாக்ஸில் போட்டுவிட்டார்கள். நன்றி. இனி அனுப்ப வேண்டாம், போதும்.

முதலில் ஒரு வேண்டுகோள். நெருப்பில் தண்ணி ஊற்றிய செக்யூரிட்டி அண்ணனைத் திட்டி எழுதியவர்கள் அதை அழித்துவிடுங்கள். மேலேயிருந்து போன் வந்தது, ஊற்றினார். ஊற்றிவிட்டு "மன்னிச்சுக்கங்கம்மா" என்று அவர்தான் சொன்னார். அவருக்கு வாழப்பாடிப் பக்கம். அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டிலும் பிள்ளைகள் தேங்காய் சுட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், இவர் இங்கே எங்கள் கேட்டைக் காத்துக்கொண்டிருந்தார்.

தண்ணி ஊற்றியதில் எனக்குக் கோபம் இல்லை. வெந்துகொண்டிருந்த தேங்காய் வீணாய்ப் போனதும் பெரிய விஷயமில்லை. குரூப்பில் வந்த அந்த ஒரு வரிதான். "மேடம், இதையெல்லாம் உங்க சொந்த ஊருக்குப் போய் வச்சுக்கங்க. இது சிட்டி." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்.

சரி, போகிறேன். எந்த ஊருக்கு?

நான் பிறந்தது சேலத்தில் குகை என்கிற ஏரியா. பிரபாத் ஸ்டாப்பில் இறங்கி நடக்கிற தூரத்தில் வீடு. இப்போது இருப்பது அழகாபுரம். ஆட்டோவில் ஏறினால் இருபது நிமிஷம், ஐந்து ரோட்டில் மாட்டிக்கொண்டால் அரை மணி. பிறந்தது, படித்தது, பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனது எல்லாமே சேலம். எனக்குத் திருவிழாவுக்குப் போய்வர வேறு ஊரே கிடையாது. லீவு விட்டால் எல்லாரும் ஊருக்குப் போவார்கள், நாங்கள் மட்டும் இங்கேயே கிடப்போம். அப்படிப்பட்டவளைப் பார்த்து, பெங்களூரில் சம்பாதித்து இங்கே ஃப்ளாட் வாங்கி நாலு வருஷம்கூட ஆகாத ஒருவர் சொந்த ஊருக்குப் போகச் சொல்கிறார். அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்களில் பாதிப் பேர் சேலத்துக்காரர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சிட்டி" என்கிறீர்களே, அதையும் பேசிவிடலாம். சேலம் நகராட்சி ஆனது 1866-ல். 1917-ல் ராஜாஜி இந்த நகராட்சிக்குத் தலைவராக இருந்தார். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944-ல், இதே ஊரில் நடந்த மாநாட்டில். ஏற்காடு ரோட்டில் போகும்போது ஒற்றையாய் நிற்கிற வளைவைப் பார்த்திருப்பீர்கள், செல்ஃபியும் எடுத்திருப்பீர்கள். அதற்குள்ளே டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-ல் அங்கேயிருந்துதான் வந்தது. அந்த வருஷமும் ஆடி ஒண்ணு அன்றைக்கு இந்த ஊரில் தெருத்தெருவாகத் தேங்காய் சுட்டார்கள், ஐயா. ஊர் அப்போதே சிட்டிதான்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கத்து வழக்கம். பாரதப் போர் ஆடி ஒண்ணில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதையொட்டி வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அந்தக் கதையெல்லாம் அப்புறம். முந்தின நாளே தேங்காயைத் தேய்க்கிற வேலை தொடங்கிவிடும். நாரை ஒட்ட உரித்துவிட்டு, சொரசொரப்பான சிமெண்ட் தரையாகப் பார்த்துக் குந்தி, ஓடு வழவழவென்று ஆகும்வரை தேய்ப்போம். யார் தேங்காய் அதிகம் மின்னுகிறது என்று போட்டி. என் அண்ணன் திருட்டுத்தனமாக உப்புத்தாள் எடுத்து வருவான். அப்புறம் ஒரு கண்ணை மட்டும் குத்தித் திறந்து, தண்ணியைத் தம்ளரில் பிடித்துக்கொண்டு, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், அவல், பொடித்த வெல்லம் என்று ஒவ்வொன்றாய் அந்தச் சின்ன ஓட்டை வழியாக உள்ளே தள்ள வேண்டும். அவலுக்குப் பொறுமை வேண்டும், அதை ஆயாதான் செய்வாள். கொஞ்சம் தண்ணியைத் திரும்ப ஊற்றி, பட்டை சீவி மஞ்சள் பூசின அழிஞ்சில் குச்சியை இறுக்கிச் செருகினால் தயார்.

அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. பட்டறையை விட்டுக் கிளம்பும்போது வாசல்படியில் நின்று வேட்டியையும் காலையும் தட்டிவிட்டுத்தான் வருவார். அந்தத் தூசியிலும் வெள்ளி இருக்கும், பட்டறைக் குப்பையைக் கூட்டி அள்ளிக் காசு கொடுத்து வாங்கிப்போக ஆள் உண்டு. ஆடி ஒண்ணு அன்றைக்கு மட்டும் ஒரு பை நிறையக் கரி கொண்டுவருவார். அந்தக் கரியைத் தெரு நடுவில் கொட்டி மூட்டினால் எங்கள் வரிசையில் இருந்த எல்லாரும் வந்து சுற்றி நிற்பார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், அம்மாப்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த சௌராஷ்டிரா அக்கா, எதிர்வீட்டு பாய் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும். பாய் வீட்டுப் பையனுக்கும் ஒரு குச்சி உண்டு. ஓடு கருகி 'டப்'பென்று வெடிக்கிற சத்தத்துக்காகவே காதைப் பொத்திக்கொண்டு நிற்போம். பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுபோய் உடைத்துவிட்டு வந்து தின்றால், ஓரத்தில் தீய்ந்த இடம்தான் ருசி. அதற்குத்தான் சண்டையே.

இதைத்தான் என் பேத்திக்குக் காட்ட நினைத்தேன். அரை மணி நேரம், கேட்டுக்குப் பக்கத்தில் நாலடி இடம். நான் கேட்டது அவ்வளவுதான்.

இப்போது கமெண்டுக்கு வருகிறேன்.

புகை. இது ஒன்றுதான் நியாயமான பேச்சு, அதனால் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். இரண்டாவது மாடியில் வீசிங் உள்ள குழந்தை இருக்கிறது, எனக்குத் தெரியும். அதனால்தான் காற்று ரோட்டுப் பக்கம் போகிற இடமாகப் பார்த்து அடுப்பு வைத்தேன், முந்தின நாளே அந்த அம்மாவிடம் சொல்லியும் வைத்தேன். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியவர் இருப்பது ஐந்தாவது மாடி. போன டிசம்பர் 31 ராத்திரி மொட்டை மாடியில் பார்பெக்யூ போட்டு விடிய விடியக் கோழி வாட்டினார்களே, அதிலிருந்து என்ன ஆக்சிஜனா வந்தது? அன்றைக்கு அந்தக் குழந்தை ஞாபகம் யாருக்கும் வரவில்லை. அக்டோபர் மாதம் பூசணிக்காயில் கண் மூக்கு வெட்டி, உள்ளே மெழுகுவத்தி வைத்து லாபியில் வரிசையாக அடுக்கியதும் இதே அசோசியேஷன்தான். அது கல்ச்சர். தேங்காய்க்குள் பருப்பு வைத்தால் பட்டிக்காடு.

டைல்ஸ் கறையாகிவிடும் என்றும் ஒருவர். நான் வைத்தது மண்சட்டியில், சட்டிக்கு அடியில் செங்கல். டைல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, போட்டோ இருக்கிறது. விடுங்கள்.

"வீட்டிலேயே கேஸ் அடுப்பில் சுட்டுக்கலாமே." சுடலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, சிம்னியைப் போட்டுக்கொண்டு, பர்னரில் தேங்காயைத் திருப்புவதற்குப் பேர் சமையல்.

அடுத்தது வழக்கமான பாட்டு. "இந்த வயசானவங்களுக்கு எல்லாம் பழசுதான் பெருசு. வளர்ச்சியே பிடிக்காது." யார் சொன்னது பிடிக்காது என்று? குழாயில் தண்ணி எப்போது வரும் என்று தெரியாமல், வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவள் நான். மேட்டூர் அணை 1934-லேயே கட்டியாகிவிட்டது, இதே ஜில்லாவில் இருக்கிறது, இருந்தும் எங்கள் தெருவில் தண்ணிக்காகக் குடுமிப்பிடி சண்டை. அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று கனவில்கூட நினைக்க மாட்டேன். திருமணிமுத்தாற்றில் குளித்ததாக ஆயா சொல்வாள், எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அது சாக்கடைதான். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாலத்தைத் தாண்டுவோம். அதைப் பொன்னாறு என்று எழுதி லைக் வாங்க எனக்கு ஆசையில்லை. 2020-ல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறது, அதில்தான் நானும் போகிறேன். மூக்கனேரியைத் தூர்வாரித் திட்டுத்திட்டாக மரம் வைத்ததும் புதுசுதான், அங்கே போய்ப் பறவை பார்க்கிறவளும் நான்தான். பழசு எல்லாம் நல்லது என்று எங்கேயும் சொல்லவில்லை. முன்பு இங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்று சொல்லாதீர்கள் என்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் புரியாவிட்டால் நான் என்ன செய்ய?

ஏனென்றால் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாம் போனது. ஏரியைப் பிளாட் போடுகிறவன் முதலில் என்ன சொல்வான்? "சும்மாதாங்க கெடக்கு." நம்ம பில்டரின் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். "ஏற்காடு ஹில் வியூ" என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தான், அதற்குச் சதுர அடிக்குக் கூடுதலாகக் கொடுத்தோம். குகையில் எங்கள் ஓட்டு வீட்டுத் திண்ணையிலிருந்தே ராத்திரியில் மலைப்பாதையில் பஸ் லைட் வளைந்து வளைந்து ஏறுவது தெரியும், காசு கேட்காமல். இப்போது பக்கத்தில் இன்னொரு டவர் எழும்புகிறது. அடுத்த வருஷம் நம் வியூ அவன் பால்கனியில் காய்கிற துணிதான். அதற்கும் யாராவது குரூப்பில் கட்டைவிரல் போடுங்கள்.

ஆடி என்றால் எனக்கு இன்னொன்றும் வந்துவிடுகிறது. குகையில் வண்டி வேடிக்கை. சாமி வேஷம் கட்டி, ஜோடித்த வண்டியில் அசையாமல் உட்கார்ந்து ஊர்வலம் வருவார்கள். ஒரு வருஷம் என் மாமா பார்வதி. மீசையை எடுத்துவிட்டு முகமெல்லாம் பச்சைச் சாயம், மூக்குத்தி, இடுப்பு வலிக்க மணிக்கணக்கில் அந்த வண்டியில். நான் கூட்டத்துக்குள் புகுந்து "மாமா, மாமா" என்று கத்துகிறேன், கண் இமை அசையவில்லை. பக்கத்தில் நின்ற கிழவி என் தலையில் ஒரு தட்டுத் தட்டி "அம்மான்னு கும்புடுடீ" என்றாள். மறுநாள் மாமா காதோரம் சாயம் போகாமலே மில்லுக்கு ஷிப்டுக்குப் போனார். அவரை அங்கே யாரும் சிரிக்கவில்லை. இந்த லாபியில் அவர் அப்படி வந்து நின்றிருந்தால் செக்யூரிட்டிக்குத்தான் போன் போயிருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால்... தெரியவில்லை, எழுதும்போது வந்துவிட்டது. இருக்கட்டும்.

"எல்லாரும் இந்தப் பண்டிகை கொண்டாடுறதில்லையே, பொது இடத்தில் எதுக்கு" என்று ஒரு தம்பி மரியாதையாகவே கேட்டிருந்தார். தம்பி, நான் யாரையும் கொண்டாடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் அதே நாலடியில் பந்தல் போடுங்கள், நான் வந்து வெற்றிலைத் தட்டு எடுத்துக் கொடுக்கிறேன். தெருவில் அப்படித்தான் இருந்தோம். அதற்குச் சிட்டி ஒரு தடையாக இருந்ததில்லை.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் கட்டைவிரல்களில் ஒன்று மூன்றாவது மாடி அம்மாவுடையது. பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படிப்பார். செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவர். போன வருஷம் நான் மொட்டை மாடியில் யாருக்கும் தெரியாமல் சுட்டபோது, வாசனை பிடித்து மேலே வந்து, "எங்கம்மா இப்படித்தான் எள்ளு தூக்கலா போடுவாங்க" என்று சொல்லி இரண்டு துண்டு வாங்கித் தின்றவர். கண் கலங்கினார். இந்த வருஷம் குரூப்பில் "கரெக்ட் சார்" என்கிறார். பெங்களூர்க்காரருக்குத் தெரியாது, விட்டுவிடலாம். உங்களுக்குத் தெரியுமே அம்மா? நீங்களும் என்னோடுதானே அந்த ஊருக்குக் கிளம்ப வேண்டும்?

பேத்தி கேட்டாள், "ஏன் பாட்டி, நாம தப்பு பண்ணிட்டோமா?" என்று. இல்லைடா கண்ணு என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். குரூப்பில் இல்லாவிட்டாலும் மெயின்டனன்ஸ் கட்டுகிறவள், போவேன். மன்னிப்புக் கடிதம் கேட்பதாகக் கேள்வி, அது கிடைக்காது. அடுத்த ஆடிக்குக் கேட்டுக்குப் பக்கத்தில் நாலடி இடம் வேண்டும் என்று இப்போதே மனு எழுதிவிட்டேன். பேங்கில் இருந்தவள், மனு எழுதத் தெரியும். இதே அபார்ட்மெண்டில் கூட நின்று கையெழுத்துப் போட ஆள் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கமெண்டில் வந்து மறுபடியும் டைல்ஸ் என்று ஆரம்பிப்பவர்களை ப்ளாக் பண்ணுவேன்.