81 சதவீதம் ரஷ்யர்களுக்கு அமெரிக்காவைப் பிடிக்காதா?

யாராவது இந்த எண்ணைக் காட்டினால் முதலில் கேட்க வேண்டியது, எந்த மாதத்துக் கணக்கு என்பதைத்தான். இது 2015 ஜனவரியில் மாஸ்கோவின் லெவாடா மையம் என்ற கருத்துக்கணிப்பு அமைப்பு எடுத்தது. அப்போது நல்ல அபிப்பிராயம் வெறும் 13. எண்ணில் தப்பில்லை. ஆனால் அதே மையம், அதே கேள்வி: 2018 மே மாதம் நல்லது 20, மோசம் 69. ஜூலையில் நல்லது 42, மோசம் 40! இடையில் ரஷ்யா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடை ஒன்றுகூட நீங்கவில்லை. நடந்தது உலகக் கோப்பைக் கால்பந்தும், ஜூலை 16 அன்று ஹெல்சின்கியில் டிரம்ப்–புடின் சந்திப்பும்தான். டிவியின் குரல் மாறியது, எண்ணும் மாறியது. என் பார்வையில் இந்த எண் வெறுப்பை அளப்பதில்லை. மேலிடத்திலிருந்து என்ன சமிக்ஞை வந்தது என்பதைத்தான் அளக்கிறது.

கேள்வியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். "மொத்தத்தில் இப்போது அமெரிக்காவைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன?" அந்த "இப்போது" கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பதில்கள் மிக நல்லதிலிருந்து மிக மோசம் வரை நான்கு. ஐந்தாவது "சொல்வது கஷ்டம்". பலர் கண்டுகொள்ளாத இந்த ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம். மேலே உள்ள எண்களை நூறிலிருந்து கழியுங்கள்: 2015 ஜனவரியில் மிச்சம் 6, 2018 மே மாதம் 11, ஜூலையில் 18. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது தயங்குகிறவர்கள் மிகக் குறைவு. அரசு கொஞ்சம் சிரித்ததும், என்ன சொல்வதென்று தெரியாதவர்கள் மூன்று மடங்காகிறார்கள்.

எடுக்கும் முறையையும் பார்க்கணும். சுமார் 1600 பேர், 18 வயதுக்கு மேல், வீட்டுக்கே போய் நேரில் பேசி எடுப்பது. 1600 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பொறுக்கினால் பிழை சுமார் 2.5 புள்ளி. லெவாடா சொல்வது 3.4. காரணம், நாடு முழுக்கச் சிதறிப் பொறுக்காமல், ஊர்களை முதலில் தேர்ந்தெடுத்து அதற்குள் ஆட்களைத் தேடுவது. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரிப் பேசுவார்கள் இல்லையா, அதன் விலை இது. ஆக, இரண்டு மூன்று புள்ளி ஏறியது இறங்கியது என்று தலைப்புச் செய்தி போடுவது வீண்வேலை. 22 புள்ளி ஏறினால்தான் பேச்சு.

"பயந்துகொண்டு பொய் சொல்வார்கள்" என்பது நியாயமான சந்தேகம். 2016லேயே லெவாடாவுக்கு ரஷ்ய அரசு "வெளிநாட்டு ஏஜென்ட்" முத்திரை குத்திவிட்டது. பயத்தை அளக்க ஒரு வழி உண்டு. ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சாதாரண வாக்கியங்கள் சிலவற்றைக் கொடுத்து, எத்தனைக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று எண்ணிக்கை மட்டும் கேட்பது. மறுபாதிக்கு அதோடு வில்லங்கமான வாக்கியம் ஒன்றையும் சேர்ப்பது. இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான், அந்த வில்லங்கமான வாக்கியத்துக்கு ஒப்புக்கொள்கிறவர்களின் பங்கு. 2022இல் உக்ரைன் போரைப் பற்றி ஆன்லைனில் இப்படிக் கேட்டபோது, நேரடியாகக் கேட்டால் 68 சதவீதமாக இருந்த ஆதரவு 53க்கு இறங்கியது. குறையும் உண்டு: ஆள் நிறைய வேண்டும், எல்லா வாக்கியத்துக்கும் ஒப்புக்கொள்கிறவர் மாட்டிக்கொள்வார். ஆனால் பயம் மட்டுமே காரணம் என்றால் 2018இல் இரண்டே மாதத்தில் எண் இரட்டிப்பானதை எப்படி விளக்குவது? பயம் அப்படிப் போய்விடாது.

துருக்கி கதை இதைவிடச் சுவாரசியம். "நமக்குப் பகை நாடுகள் எவை?" என்று 2015இல் கேட்டபோது துருக்கியைச் சொன்னவர்கள் 1 சதவீதம். அந்த நவம்பரில் துருக்கி ரஷ்யாவின் சு-24 போர் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. அடுத்த ஆண்டு 29. துருக்கி அதிபர் எர்டோகன் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதி, சுற்றுலா விமானங்கள் மறுபடி துருக்கியின் அந்தால்யாவுக்குப் பறக்க ஆரம்பித்த பிறகு, 2017இல் 8!

அதே பட்டியலில் 2005இல் முதலிடம் யாருக்குத் தெரியுமா? லாட்வியா.