டிஆர்ஓ1 நெல்: நீளம் அல்ல, கோணம்

"மரபணு மாற்றம் செய்து வேரை இரண்டு மடங்கு நீளமாக்கிவிட்டார்கள், இனி தண்ணீரே இல்லாமல் நெல் விளையும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது, நெல் வேர் எந்தக் கோணத்தில் இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் டிஆர்ஓ1 மரபணுவைத்தான். ஆனால் விஷயம் அப்படி இல்லை.

ஜப்பானில் யூசாகு உகா குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. ஐஆர்64 என்ற நெல் ரகத்தில் இந்த மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து விடுபட்டிருக்கிறது. அதனால் புரதம் பாதியிலேயே நின்றுபோய், வேர் மேலாகவே படர்கிறது. பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல்லான கினாண்டாங் படோங்கில் அந்த மரபணு முழுதாக இருந்தது. அதை ஐஆர்64க்குக் கொண்டுவந்தது சாதாரண இனக்கலப்பு மூலம்தான், வெளி மரபணு எதையும் செருகவில்லை.

மாறியது நீளமல்ல, கோணம். கம்பிவலைக் கிண்ணத்தில் மண் நிரப்பி நெல்லை வளர்த்து, எத்தனை வேர் பக்கவாட்டில் எட்டிப்பார்க்கிறது, எத்தனை அடிப்பக்கம் இறங்குகிறது என்று எண்ணுவார்கள். டிஆர்ஓ1 இருந்தால் வேர்நுனி புவியீர்ப்பு பக்கம் நன்றாக வளையும், அவ்வளவுதான். வறட்சியில் அடிமண் ஈரத்தை எட்டிப் பிடித்ததால் மகசூல் குறைவது மட்டுப்பட்டது. அடியிலும் ஈரம் இல்லையென்றால் எந்த வேர் என்ன செய்யும்?

அப்புறம், ஆழ வேர்தான் எப்போதும் நல்லது என்பதும் சரியில்லை. அதே குழு 2020இல், உவர் வயலில் மேலாக ஓடும் வேர்தான் கைகொடுக்கிறது என்று காட்டியது. அதற்குக் காரணமான கியூஎஸ்ஓஆர்1, டிஆர்ஓ1இன் அதே குடும்பத்து மரபணுதான்!