ஆயில்யத்தில் பிறந்தவனுக்கு 'டி'யில் பெயர் தேடிய கதை

தம்பிக்குப் பையன் பிறந்து இன்றோடு முப்பத்தாறு நாள். முப்பதாம் நாள்தான் பெயர் வைத்தோம். அந்த முப்பது நாளும் வீட்டில் நடந்த பேச்சை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. இதே பேச்சு இப்போது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது, நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, அந்தப் பேச்சின் முடிவு ஐந்து வருடம் கழித்து என் வகுப்புக்குத்தான் வந்து சேர்கிறது.

பையன் ஆயில்ய நட்சத்திரம், இரண்டாம் பாதம். ஜாதகம் எழுதியவர் ஒரு துண்டுத்தாளில் நான்கு எழுத்து எழுதிக் கொடுத்தார்: டி, டு, டே, டோ. இரண்டாம் பாதம் என்பதால் 'டு' உத்தமம், மற்ற மூன்றும் பரவாயில்லை என்றார். அன்று ராத்திரியே தம்பியும் அவன் மனைவியும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். டிவிஷ், டேஷ்வந்த், டோஷித் என்று வந்துகொண்டே இருந்தது. திலீப்பை டிலீப் ஆக்கியிருந்தார்கள், துஷ்யந்தை டுஷ்யந்த் ஆக்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'ஒளி', 'வெற்றியாளன்' என்று ஒரு அர்த்தம். எந்த மொழியில் அந்த அர்த்தம் என்று எங்கும் போடவில்லை. அம்மா நாலைந்து பெயரைக் கேட்டுவிட்டு, "டேன்னு கூப்பிடுறதுக்கு எதுக்குப்பா தனியா ஒரு பேரு, அது எல்லாப் பயலுக்கும் பொதுதானே" என்று எழுந்து போய்விட்டார். போகும்போது முகம் வாடித்தான் இருந்தது.

அம்மாவின் வாட்டத்துக்கு வேறு காரணம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது, பிறந்தது முதல் பேரன், அப்பா பெயர் வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். யாரும் பேச்சே எடுக்கவில்லை. அப்பா பெயர் வேலுச்சாமி. 'வே' என்ற எழுத்து ஆயில்யத்துக்கு வராதாம், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு மனசு ஆறவில்லை. இந்த எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தேன். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், மொத்தம் 108 பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. இதற்கு அவகஹட சக்கரம் என்று பெயர். கார்த்திகையிலிருந்து எண்ணினால் முதலில் அ வரிசை, அப்புறம் வ, க, ஹ, ட என்று வரிசை போகிறது, அந்த முதல் ஐந்து எழுத்தைச் சேர்த்துத்தான் 'அவகஹட'. அந்த ஐந்தாவது வரிசையில்தான் எங்கள் பையன் மாட்டிக்கொண்டான். முழுக்க முழுக்க வடமொழி எழுத்துகளை வைத்துக் கட்டிய அமைப்பு அது. அதில் தவறு ஒன்றும் இல்லை, அந்த மொழிக்கு அது பொருந்தும். அதை அப்படியே தூக்கித் தமிழ்ப் பிள்ளைகள் தலையில் வைப்பதில்தான் சிக்கல்.

ஏனென்றால் தமிழில் 'ட' ஒரு சொல்லுக்கு முதல் எழுத்தாக வரவே வராது. இது நான் சொல்வதல்ல, தொல்காப்பியம் மொழி முதல் எழுத்து எவை என்று வரையறுத்திருக்கிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன, இந்த எட்டு மெய்யும் சொல்லின் தொடக்கத்தில் நிற்காது. ராமன் என்ற பெயர் இங்கே வந்தபோதுகூட 'இராமன்' என்று முன்னால் ஓர் உயிரெழுத்தைப் போட்டுத்தான் எழுதினார்கள். சரி, இப்போது அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட. இந்த இரண்டு நட்சத்திரத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இந்த முறைப்படி ஒரு தமிழ்ப் பெயர்கூட வைக்க முடியாது. அஸ்தத்துக்குக் கொடுக்கும் நான்கில் ஒன்று 'ண'. ணவில் தொடங்கும் ஒரு பெயரை யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பூரத்துக்கு மோ, ட, டி, டு என்று கொடுக்கிறார்கள். அப்படியென்றால் 'டி' ஆயில்யத்துக்கா, பூரத்துக்கா? வடமொழியில் இவை வேறு வேறு எழுத்துகள், ஒன்று வன்மையாக ஒலிக்கும், இன்னொன்று மென்மையாக. தமிழில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். மிருகசீரிடத்துக்கும் அவிட்டத்துக்கும் கா, கி இப்படித்தான் இரண்டு பக்கமும் வருகிறது. தமிழில் எழுதும்போதே அந்த நட்சத்திர அடையாளம் கரைந்துபோகிறது, பிறகு எதற்காக அந்த எழுத்தைப் பிடித்துத் தொங்குகிறோம்?

இதைச் சொன்னதும் தம்பி மனைவி, "மதினி, காலங்காலமா வர்ற மரபாச்சே" என்றாள். அவளுக்கு என் மேல் மரியாதை உண்டு, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் உண்டு, அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மரபு என்பது உண்மையா? எங்கள் தெருவில் அப்பா வயது ஆண்களின் பெயர்களை நானும் அவளும் உட்கார்ந்து எண்ணினோம். கருப்பையா, மலைச்சாமி, அய்யனார், சோலை, ஆறுமுகம், பழனி, காத்தமுத்து, பாண்டி. ஒவ்வொன்றும் குலசாமி பெயர், இல்லையென்றால் தாத்தா பெயர், இல்லையென்றால் நேர்ந்துகொண்ட கோயில். முதல் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் பிச்சை என்றும் குப்பன் என்றும் வைத்தார்கள், எமன் கண்ணில் படாமல் போகட்டும் என்று. இந்த ஆட்களில் ஆயில்யத்திலும் பூசத்திலும் பிறந்தவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? டவில் தொடங்கும் பெயர் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஊரில் மரபு என்றால் அதுதான் மரபு, துண்டுத்தாள் இந்த ஒரு தலைமுறையில் வந்தது.

பேரன் என்ற சொல்லையே பாருங்கள். பெயரன், அதாவது பெயரைத் தாங்குகிறவன். தாத்தா பெயர் பேரனுக்கு வருவது அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது, உறவுமுறைக்கே அதிலிருந்துதான் பெயர் வந்தது.

இப்போது என் வகுப்பறைக்கு வருகிறேன். ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை முதன்முதலில் ஆசைப்பட்டு எழுதுவது தன் பெயரை. 'அ' எழுதத் தெரிந்த மறுநாளே "டீச்சர், என் பேரு எப்படி எழுதுறது" என்று வந்து நிற்கும். தமிழ் எழுத்து 247. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ இந்தக் கணக்கில் இல்லை, அவற்றைப் பிற்பாடுதான் சொல்லிக்கொடுப்போம். இந்த வருடம் என் வகுப்பில் ஹர்ஷித், யஷ்வந்த், ரித்விக், லக்ஷன், தர்ஷித் இருக்கிறார்கள். அருமையான பிள்ளைகள். மதி என்ற பெயருள்ள பிள்ளை ஜூலையிலேயே பலகையில் தன் பெயரை எழுதிவிட்டுத் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தாள், அந்த முகத்தை மறக்க முடியாது. லக்ஷன் மார்கழி வரைக்கும் என் கையெழுத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். எழுதவில்லை, வரைந்தான். சொந்தப் பெயரைப் படமாக வரைய வேண்டிய நிலையில் ஓர் ஆறு வயதுப் பிள்ளையை நாம்தான் விட்டிருக்கிறோம். அவன் வீட்டுப் பெரியவர்களும் அவனை 'லச்சா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர்கள் வாய்க்கு அதுதான் வருகிறது.

கீழடி எங்களுக்குப் பக்கம்தான், 2023ல் அருங்காட்சியகம் திறந்த பிறகு நான் இரண்டு முறை போய்விட்டேன். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்களைத் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் தன் பானையில், தன் மொழிக்கு இருந்த எழுத்தில், ஒரு பெயரைக் கீறியிருக்கிறார். அந்த ஓட்டின் முன்னால் நின்றபோது எனக்கு லக்ஷனின் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

தனித்தமிழ்ப் பெயர் மட்டும்தான் பெயர் என்று நான் சொல்லவில்லை. கிருஷ்ணனைக் கண்ணன் ஆக்கியவர்கள் நாம். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள் பீட்டரை ராயப்பன் ஆக்கினார்கள், பவுலைச் சின்னப்பன் ஆக்கினார்கள், ஜோசப்பை சூசை ஆக்கினார்கள். எங்கிருந்து வந்த பெயராக இருந்தாலும் நம் வாய்க்குப் பழக்கிக்கொள்ளும் தெம்பு இருந்தது. இப்போது தலைகீழாக, நம் வாயைப் பெயருக்குப் பழக்கப் பார்க்கிறோம்.

இன்னொரு காரணத்துக்காகவும் இது எனக்கு முக்கியம். 1929ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். அதிலிருந்து மெல்ல மெல்ல இங்கே வால் உதிர்ந்தது. இன்று நம் பிள்ளைக்கு இருப்பது ஒரு முன்னெழுத்தும் ஒரு பெயரும்தான், பின்னால் தாங்கிப் பிடிக்க வேறொன்றும் கிடையாது. அந்த ஒற்றைச் சொல்தான் அவன் வாழ்நாள் முழுக்கத் தனியாக நிற்கப்போகிறது. அதைத் துண்டுத்தாளில் இருக்கும் நான்கு எழுத்திடம் விட்டுவிடுவதா?

அவசரமும் வேண்டாம். ஆஸ்பத்திரியிலேயே "பேர் என்ன" என்று கேட்பார்கள், பலர் பதறிப்போய் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலேயே பதியலாம். ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம் கட்டி, 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும்போது இங்கிலீஷ் எழுத்து உட்பட எல்லாம் சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

இங்கிலீஷ் எழுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி எப்படியோ மனசு மாறி, அப்பா பெயரைச் சுருக்கி 'வேலன்' என்று வைக்கலாம் என்று சொன்னான் (அவனாகச் சொன்னான், நான் சொல்லவில்லை). எனக்குக் கண் கலங்கிவிட்டது. சங்ககாலக் குறிஞ்சிப் பாட்டுகளில் முருகனுக்காக வெறியாட்டு என்ற சாமியாட்டம் ஆடுகிறவன் வேலன். சிவகங்கைச் சீமையில் வேலு என்றாலே நாச்சியார் ஞாபகமும் வரும். மறுநாளே ஒரு சொந்தக்காரர் எண்கணிதம் பார்த்துவிட்டு வந்தார். வி, இ, எல், ஏ, என் கூட்டினால் 20 வருகிறது, சரியில்லை, இன்னொரு எல் சேர்த்தால் 23, அது ராஜயோகம் என்றார். 'எல்' எழுத்தை இரட்டித்தால் படிக்கிறவர் யாராக இருந்தாலும் வெல்லன் என்றுதான் படிப்பார். பெயரிலிருந்து 'வேல்' என்பதை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தம்பி மரியாதையாக, "மாமா, ஒரு எல் போதும்" என்று சொல்லிவிட்டான்.

தம்பி மனைவியின் பயத்துக்கு வழி சொன்னவர், ஜாதகம் எழுதியவரேதான். நான் போய்க் கேட்டபோது, நட்சத்திரப் பெயரை ஜாதகத்திலும் அர்ச்சனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கூப்பிடும் பெயர் உங்கள் இஷ்டம், எத்தனையோ குடும்பத்தில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். இதை முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு மாதப் போராட்டம் மிச்சமாகியிருக்கும். உங்கள் வீட்டில் இதே சிக்கல் இருந்தால் போய்க் கேளுங்கள், சாமி கும்பிடுகிற வீட்டுக்கு இதில் எந்தக் குறையும் வராது.

முப்பதாம் நாள் அத்தை முறைக்கு நான்தான் பெயர் சொல்ல வேண்டும். மடியில் கிடத்தி, வெற்றிலையைக் காதுக்கு அணைவாகப் பிடித்து மூன்று தடவை சொன்னேன், வேலன், வேலன், வேலன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அப்புறம் அம்மாச்சி சொன்னார், அடுத்து எங்கள் அம்மாவிடம் கொடுத்தோம். அம்மா நாற்பத்தோரு வருடம் குடும்பம் நடத்தியவர், ஒரு நாளும் அப்பா பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைச் சொல்லச் சொல்வார். இது பேரன் பெயர், பாதிப் பெயர்தான், சொல்லலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். கொஞ்ச நேரம் பையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, எங்களுக்குக் கேட்காத குரலில், அவன் காதில் சொன்னார்.

திங்கட்கிழமை தம்பி நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறான். தமிழில் மூன்று எழுத்து, இங்கிலீஷில் ஐந்து. தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.